பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீட்டு சர்வர்: நான் டெபியனைத் தேர்ந்தெடுத்த கதை

வீட்டு சர்வருக்கு (வீட்டிலேயே எப்போதும் ஓடி, எல்லோருடைய கோப்புகளையும் வைத்துத் தரும் கம்ப்யூட்டர்) எந்த ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அத்தனையும் நல்லவைதான். எனக்கு முடிவெடுக்க உதவியது ஒரே கேள்வி: இந்தப் பெட்டி ஒருநாள் படுத்துவிட்டால், யாரையும் கூப்பிடாமல் நானே அதை எழுப்பிவிட முடியுமா? லினக்ஸ் என்ற ஓஎஸ் குடும்பத்துக்கு (டெபியன் அதில் ஒன்று) நான் புதியவன் என்பதால் மற்ற வசதிகளெல்லாம் இதற்கு அப்புறம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

என் தேவை சின்னது. வீட்டில் எல்லோருடைய போட்டோக்களும் ஓரிடத்தில் சேரவேண்டும். பத்திரம், மார்க்‌ஷீட், இன்ஷூரன்ஸ் ஸ்கேன்கள் பத்திரமாக இருக்கவேண்டும். ஹால் டிவியில் வீட்டு வீடியோக்களைப் பார்க்கவேண்டும். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் புதிதாக ஏற்றுவது எல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகிறது. எங்கள் அப்பா எடுக்கும் வீடியோக்களே அதைத் தாண்டும்.

பெட்டியை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். ஆபீஸ்கள் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப்கள் அங்கே நிறையக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒருசில தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கடைக்காரரும் முதலிலேயே சொல்லிவிட்டார்: "சார், இதுல விண்டோஸ் 11 ஏறாது, பரவாயில்லையா?" லினக்ஸ் போடப்போகிறேன் என்றதும், "அப்ப தாராளமா எடுத்துக்கங்க" என்றார். ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆறாவதை விட்டு ஏழாவதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இப்போதைய போன்கள் பல 10-பிட் எச்இவிசி என்ற சுருக்கும் முறையில் வீடியோ எடுக்கின்றன. அதைப் பிராசஸரின் கிராஃபிக்ஸ் பகுதியே முழுதாகக் கையாள்வது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது.

கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் கேட்டார்கள். சும்மா இருக்கும்போது 15 வாட் என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட்தான் வருகிறது.

சரி, ஓஎஸ்ஸுக்கு வருவோம். கோப்புகளைச் சேமித்து வைப்பதற்கென்றே உள்ள ட்ரூநாஸ், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் இசட்எஃப்எஸ் என்ற முறையை முழுக்க நம்பி நிற்பது. கோப்பு ஒன்று கெட்டால் செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ஆனால் தானே சரிசெய்ய இன்னொரு நகல் வேண்டும், என்னிடம் இருந்ததோ ஒரே டேட்டா டிஸ்க். ஓஎஸ் போடும் டிஸ்க்கையும் முழுதாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் அருமையானது, பல ஓஎஸ்களை ஒரே பெட்டியில் ஓட்டிப் பழக நினைப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு அது கூடுதலாக ஒரு மாடி. அன்ரெய்டு என்ற சேமிப்பு ஓஎஸ் காசு கொடுத்து வாங்கவேண்டியது. வெவ்வேறு அளவு டிஸ்க்குகள் கையில் கிடந்தால் அதற்குக் கொடுக்கும் காசு தகும்.

நெடுநேரம் யோசிக்க வைத்தது ஓப்பன்மீடியாவால்ட். அடியில் டெபியன், மேலே பிரவுசரில் திறக்கும் அழகான பக்கம். டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) பக்கமே போக விரும்பாதவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அமைப்புக் கோப்புகளை அதுவே எழுதும். நாம் கையால் ஒன்றைத் திருத்தினால் அடுத்தமுறை மேலெழுதிவிடும். நான் கற்றுக்கொள்ளவும் நினைத்ததால், அடியில் இருக்கும் டெபியனையே நேரடியாகப் போட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் பாதுகாப்பு அப்டேட்கள் 5 ஆண்டு வரும். உபுண்டு சர்வர் என்ற இன்னொரு லினக்ஸும் இதற்குச் சளைத்தது இல்லை.

நிறுவும்போது இரண்டு திரைகளில் மட்டும் நின்று படிக்கவேண்டும். ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால், நம் சொந்தக் கணக்குக்கே சூடோ உரிமை, அதாவது நிர்வாக வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைக்கும். கடைசியில் வரும் மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப், க்னோம் (ஒருவகை டெஸ்க்டாப் திரை) இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்எச் சர்வருக்கு டிக் போடவேண்டும். அப்புறம் மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை. நிறுவியில் தமிழும் இருக்கிறது, பார்க்கவே சந்தோஷம். ஆனால் பிழைச் செய்தியை அப்படியே போட்டுத் தேட ஆங்கிலம்தான் வசதி என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

டேட்டா டிஸ்க் தனி, அதில் போட்டது எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறை. எந்த லினக்ஸ் லேப்டாப்பில் செருகினாலும் படிக்கலாம். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதை யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) கொண்டு சேர்த்து, நோஃபெயில் என்ற சொல்லையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் சர்வர் பாதியிலேயே எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகவும் முடியாது.

அதன்மேல் டாக்கர், ஒவ்வொரு செயலியையும் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டுவது. போட்டோவுக்கு இமிச், டிவிக்கு ஜெல்லிஃபின். ஸ்கேன்களுக்கு மட்டும், டாக்கர் இல்லாமல் நேரடியாக, ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா. இமிச்சின் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில், போட்டோக்கள் பெரிய டிஸ்க்கில். எந்த கன்டெய்னர் எப்படி ஓடவேண்டும் என்பதெல்லாம் கம்போஸ் கோப்பு ஒன்றில் அடங்கிவிடுகிறது. எல்லாம் ஓட ஆரம்பித்தபின் வேண்டுமென்றே எஸ்எஸ்டியைத் துடைத்து, டெபியனை மறுபடி போட்டுப் பார்த்தேன். கம்போஸ் கோப்பை நகலெடுத்து, டிஸ்க்கை இணைத்து, இமிச் தினமும் எடுத்துவைக்கும் டேட்டாபேஸ் நகலை மீட்டதும், ஆல்பங்களும் முகங்களுக்கு இட்ட பெயர்களும் அப்படியே வந்தன. புதிதாகத் தொடங்குகிறவர்கள், உண்மையான போட்டோக்களை ஏற்றுவதற்கு முன்பே இதை ஒருமுறை செய்துவிடவேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை எட்டுவதுதான் இழுத்தடித்தது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பும் செட்டிங்) சரியாகப் போட்டும் ஒன்றும் வரவில்லை. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரியை, பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கியது. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநாட் அமைப்புக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அங்கே நம் ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் பயனில்லை. வயர்கார்டு என்ற என்கிரிப்ட் செய்த இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, நம் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேலை சர்வரிலும் போன்களிலும் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. இணையத்துக்கு ஒரு போர்ட்டும் திறக்கவேண்டியதில்லை. தொடக்கநிலையில் இதுவே பாதுகாப்பான வழி.

மின்தடைக்கு இரண்டு ஏற்பாடு. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் கரண்ட் மாறும் இடைவெளி குறைந்து, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் தாங்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸின் செட்டிங்கில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி வைக்கவேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இன்வெர்ட்டர் பேட்டரி தாங்காது என்பதால், அன்று காலையிலேயே சர்வரை முறையாக ஷட்டவுன் செய்துவிடுகிறேன்.

பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற மென்பொருள். இரண்டு யூஎஸ்பி டிஸ்க்குகள்: ஒன்று வீட்டில், மற்றது திருச்சியில் அண்ணன் வீட்டில். ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்கிறேன். ரெஸ்டிக் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்துதான் எழுதும். பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பும் போனதுதான். அதனால் அதை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்து, மனைவியிடமும் அண்ணனிடமும் இடத்தைச் சொல்லிவைத்திருக்கிறேன். சர்வரை நிறுத்துவது எப்படி, எந்த டிஸ்க்கில் போட்டோக்கள் இருக்கின்றன, அதை வேறு கம்ப்யூட்டரில் எப்படித் திறப்பது என்பதும் அதே நோட்டில், வீட்டில் யார் படித்தாலும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.