96 சென்டிமீட்டர் மேசை

பல்கலைக்கழகத்தில் பணிச்சூழலியல் கற்பிக்கிறேன்; வேலையிடத்தை மனித உடலுக்குப் பொருத்தும் துறை அது. முதல் இரண்டு வாரங்களில் உடலளவு அட்டவணைகளை முடித்துவிட்டு, மாணவர்கள் கையில் அளவு நாடாவைக் கொடுத்து வெளியே துரத்திவிடுவேன். கணினித் திரையில் வரைந்த மனிதனுக்கு ஒருநாளும் முதுகு வலிக்காது.

சென்ற ஆண்டு நால்வர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொத்து ரொட்டிக் கடையைப் பிடித்தார்கள். மாலை ஆறு மணி தொடக்கம் நள்ளிரவு வரை அங்கே ஓர் அண்ணர் நின்றபடியே கொத்து அடிப்பார். "தோள்மூட்டுத்தான் தூங்க விடுவதில்லை" என்றார். அளந்ததும் காரணம் தெரிந்தது. அவருடைய முழங்கை உயரம் 102 சென்டிமீட்டர், மேசை 96. நின்று பலத்தோடு செய்யும் வேலைக்கு மேசை முழங்கைக்குக் கீழே 15 முதல் 40 சென்டிமீட்டர் வரை தாழ்ந்திருக்க வேண்டும். இங்கே ஆறுதான். மனிதர் ஒவ்வோர் அடிக்கும் தோளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அடுப்போடு பொருத்திய மேசையைத் தாழ்த்த முடியாது. ஆகவே 12 சென்டிமீட்டர் உயரத்தில் பலகைப் படியொன்றை அடித்துக்கொண்டு போனார்கள். கணக்கில் 18 வந்துவிட்டது. முட்டை எடுக்கத் திரும்பிய அண்ணர் படியிலிருந்து கால் தவறித் தடுமாறினார்; நல்ல வேளை, கை சூட்டில் படவில்லை. நிற்பவரை அளந்தவர்கள், அவர் முட்டைக்கும் கோவாவுக்கும் எத்தனை தடவை திரும்புகிறார் என்று எண்ணியிருக்கவில்லை.

அடுத்த வாரம் படி சுவர் முதல் சுவர் வரை நீண்டது. மாற்று ஆளாக வரும் தம்பி நெட்டை, முழங்கை 110. படியில் ஏறினால் வித்தியாசம் 26, அதுவும் சரி. ஆனால் மேலே புகைக்கூண்டை ஒருவரும் பார்க்கவில்லை. தலை இடித்தது. கூண்டின் விளிம்பை வெட்டி உயர்த்த முதலாளி சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்.

சத்தத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கைபேசிச் செயலி 94 டெசிபல் காட்டியது. எட்டு மணி நேர வேலைக்கு 85 எல்லை. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படியானால் 94க்கு ஒரு மணி நேரம்தான். மாணவர்கள் கொத்து அடிக்கும் தகடுகளின் பிடியில் இறப்பர் சுற்றி, கணகணப்பைக் குறைத்தார்கள். மறுநாள் இறப்பரைக் காணவில்லை.

"சத்தம் கேட்டுத்தானே தம்பி வீதியில் போகிறவன் திரும்பிப் பார்க்கிறான்?" என்றார் முதலாளி.

அறிக்கையில் 'உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை வெட்டினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். படி இருக்கிறது. அண்ணரின் ஒரு காதில் மட்டும் பஞ்சு. மற்றக் காதில் ஓர்டர் கேட்க வேண்டுமாம்.