நாலு அங்குலம் உயர்த்திய வண்டியோடு ஒரு மலைப்பயணம்

தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் மூன்று வண்டிகளையும் நிறுத்தி டயர்களின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தோம். மூன்றும் ஒரே மாடல். முன்னும் பின்னும் லைவ் ஆக்சில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு அச்சு. நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங் (சுருள்வில்). ஆனால் வரிசையாக நின்றபோது மூன்றும் வேறு வேறு ஜாதி. என் வண்டி கம்பெனி உயரத்திலேயே இருக்கிறது. நல்ல ஷாக் அப்சார்பரும் ஏடி டயரும் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) மட்டும் மாற்றியது. குழுவில் மூத்தவரான அண்ணன், நிறைய சாமான் ஏற்றிப் போகிறவர் என்பதால் கனமான ஸ்பிரிங் போட்டிருந்தார். தம்பி ஒருவரின் வண்டி நாலு அங்குல லிஃப்ட் (உயரமான ஸ்பிரிங் போட்டு உடலைத் தூக்குவது), 18 அங்குல ரிம், வெளியே துருத்தி நிற்கும் அகல டயர்.

டயரை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். என்னுடையது 245/75 R16, அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம். பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், மொத்த உயரம் 774. தம்பியுடையது 285/60 R18. உயரம் 799, ஆனால் பக்கச்சுவர் 171தான். பார்வைக்குப் பெரிய டயர். கல்லில் மடிந்து கொடுக்க வேண்டிய ரப்பரோ என்னுடையதைவிடக் குறைவு. 34-லிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கியதும் என் டயரின் அடிவயிறு நன்றாகப் பிதுங்கி, தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில் வளர்ந்தது. பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. தம்பியால் அவ்வளவு இறக்க முடியவில்லை. ரிம் விளிம்பு கல்லில் அடிபடும் என்ற பயம், நியாயமான பயம். பெரிய ரிம் கரடுமுரடான பாதைக்கு எந்த நன்மையும் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. பிரேக் உள்ளே அடங்குகிற அளவில் எவ்வளவு சின்ன ரிம் கிடைக்குமோ அவ்வளவு நல்லது.

முதல் பகுதி முழுக்க அலை அலையான சரளைப் பாதை. இங்கே திணறியது அண்ணன் வண்டி. அன்றைக்குச் சாமான் குறைவு. 300 கிலோ ஏற்றினால் அழகாக உட்காரும் ஸ்பிரிங், காலியாகப் போகும்போது அமுங்கவே மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த எனக்கு அவருடைய பின்சக்கரங்கள் தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளுவது தெளிவாகத் தெரிந்தது. தரையில் இல்லாத சக்கரத்தால் பிரேக் பிடிக்கவும் முடியாது, வண்டியை நேராக வைக்கவும் முடியாது. வளைவுகளில் வால் பக்கம் வெளியே நழுவியது. நடுவில் நின்றபோது அவருடைய பின் ஷாக்கில் விரல் வைக்க முடியாத சூடு. ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை ஷாக் சூடாக மாற்றித்தான் அடக்குகிறது. அதிகம் சூடானால் உள்ளே எண்ணெய் இளகி, நுரைத்து, அடக்கும் வேலையை விட்டுவிடுகிறது. ஆற விட்டுக் கிளம்பினோம். ஸ்பிரிங்கை எடையைப் பார்த்து வாங்க வேண்டும். ஷாக்கை அந்த ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் இப்படித்தான்.

பிறகு ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், கற்கள்தான் பெரியவை. தம்பி முதலில் இறங்கினார், முன் பம்பர் எதிலும் உரசவில்லை. வண்டியின் நடுப்பகுதியும் சுலபமாகத் தாண்டியது. லிஃப்ட் தருகிற லாபம் இது, மறுப்பதற்கில்லை. ஆனால் பின் டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவில் கீழே புடைத்து நிற்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரு கல்லில் டங்கென்று இடித்து நின்றது. லைவ் ஆக்சில் வண்டியில் லிஃப்ட் கிட் உடலைத்தான் தூக்கும். ஆக்சில் சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது, அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் உயர வித்தியாசத்தில் பாதிதான். கணக்கைப் போடுங்கள்: நாலு அங்குலம் தூக்கிய வண்டியில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 13 மில்லிமீட்டர். அதே கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றி, டிஃபரன்ஷியலை ஓரமாக விலக்கி நான் கடந்தேன். இறங்கி நடந்து, சக்கரம் போகும் கோட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கு ஈடான உதிரிபாகம் எதுவும் இல்லை.

ஓடைக்கு அப்பால் பாதை மலைச்சரிவில் ஒரு பக்கம் சாய்ந்தபடி போகிறது. இந்தப் பயணத்தில் என் வயிற்றைக் கலக்கிய இடம் இதுதான். ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கு ஒரு எளிய அளவு உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்காவில் 2001 மாடல்களிலிருந்து வண்டிகளுக்குக் கவிழும் அபாய மதிப்பீடு கொடுக்க இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உதாரணத்துக்கு, அகலம் 1500 மில்லிமீட்டர், மைய உயரம் 700 என்றால் 1.07 வரும். லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 85 மில்லிமீட்டர் உயர்த்தினால் 0.96 ஆகிவிடும். பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தடிமனான வளையம்) போட்டு அகலத்தைக் கூட்டினாலும் 0.99-ஐத் தாண்டாது. இழந்ததில் பாதியைக்கூட ஸ்பேசர் திருப்பித் தரவில்லை. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கி, டயர் நசுங்கி, வண்டி இன்னும் சீக்கிரமே கவிழும்.

தம்பியின் ஸ்டெப்னி பெரிதாக இருந்ததால் பின்கதவில் பொருந்தாமல் கூரைமேல் கட்டியிருந்தார். அண்ணன் பார்த்ததுமே, "தம்பி, முதல்ல அத எறக்குப்பா, உள்ள படுக்க வை" என்றார். இறக்கி வைத்தும்கூட பாதி வழியில் மேல்பக்கப் பின்சக்கரம் ஒரு கல்லில் ஏற, வண்டி சாய்ந்துகொண்டே போனது. "கீழ்ப்பக்கம் ஒடி! ஒடிச்சு மெதுவா விடு, மேல திருப்பாத!" என்று அண்ணன் கத்தினார். தம்பி பதறாமல் அப்படியே செய்தார். வண்டி மூக்கைச் சரிவுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நிதானமாக இறங்கி நின்றது.

மேலே புல்வெளியும் காற்றும் அருமை. படங்கள் தனியாகப் போடுகிறேன்.

திரும்பும்போது தார் ரோட்டில் காற்றேற்றிவிட்டுக் கிளம்பினோம். தம்பி களைத்திருந்ததால் அவர் வண்டியை நான் ஓட்டினேன். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வரவில்லை. நேர் ரோட்டிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்தது. வண்டியை உயர்த்தியபோது முன் ஆக்சில் அதைப் பிடித்திருக்கும் ஆர்ம்களோடு சேர்ந்து சுழன்று, காஸ்டர் கோணம் குறைந்திருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு அது, சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அதுதான். அதைச் சரிசெய்யும் புஷ்களை (இணைப்புகளில் வரும் ரப்பர் உருளைகள்) போடவில்லை. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. மீட்டர் 70 காட்டும்போது உண்மையில் 72-க்கு மேல். அந்த வேகத்தில் ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. வேகம் 30-க்கு வரும்வரை நிற்கவில்லை. ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தைச் சீராகக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் வழி.

அடியில் படுத்துப் பார்த்தால், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பேனார்ட் ராடின் புஷ் கிழிந்து உள்ளே இரும்புக் குழாய் லொடலொடவென்று ஆடியது. உயரத்துக்கு ஏற்ற நீளமில்லாத பழைய ராட், சாய்வாக இழுபட்டே இத்தனை நாள் ஓடியிருக்கிறது. அடுத்த ஊர் வரை 40-ஐத் தாண்டவில்லை. அண்ணன் பின்னால் விளக்கைப் போட்டபடி வந்தார். அங்கே மெக்கானிக் வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டபோது, பின் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) நாண் போல விறைத்து நின்றது. லிஃப்ட் போட்டவர்கள் அதை நீளமானதாக மாற்றவே இல்லை. தம்பி அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். புது ஹோஸும் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய பேனார்ட் ராடும் வரும்வரை வண்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, என் வண்டியில் ஏறிக்கொண்டார்.