சித்தப்பாவுக்கு யூடிஐடி அட்டை வாங்கிய கதை

சித்தப்பாவுக்கு 67 வயது. இளவயதிலேயே வந்த மனச்சிதைவு நோய். ஆனால் தனக்கு அப்படியொரு நோய் இருப்பதாக இன்றுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்குத் தூக்கம்தான் பிரச்சினை" என்பார். அதற்கென்று மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அவரை அழைத்துப்போய் மனநோய்ச் சான்று வாங்குவது எப்படி என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய மலைப்பு.

விண்ணப்பத்தில் சிரமமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. யூடிஐடி தளத்தில் ஆதார், புகைப்படம், சிகிச்சை விவரங்களை ஏற்றினால் அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்கு வரச்சொல்வார்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். எத்தனை ஆண்டு நோய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

கஷ்டம் மதிப்பீட்டில்தான். ஐடியாஸ் என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்குக்கும் சிரமத்துக்கு ஏற்ப 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு 4. சலுகைகள் கிடைக்கக் கூட்டினால் 7 வர வேண்டும், அதுதான் 40 சதவீத இயலாமை.

"தினமும் குளிக்கிறீங்களா ஐயா?"

"குளிக்காம இருப்பாங்களா?"

"வீட்டுல என்ன வேலை பார்க்கிறீங்க?"

"வரவு செலவெல்லாம் நான்தான்."

அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். எதிரிலேயே உட்கார்ந்து அதை மறுப்பது அவரை அவமானப்படுத்துவது. அதனால் அன்றாட நிலவரத்தை ஒரு தாளில் எழுதி முன்பே நர்ஸிடம் கொடுத்திருந்தேன். சொன்னால்தான் குளிப்பது, கடைக்குத் தனியாகப் போகாதது, ராத்திரி தனக்குள் பேசுவது எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அவரை பிரஷர் பார்க்க அனுப்பி என்னிடம் தனியாக விசாரித்தார். நீங்கள் போனாலும் இப்படித் தனியாகப் பேசக் கேளுங்கள்.

"நோயை ஒத்துக்க வைக்கணுமா டாக்டர்?" என்றேன். மாத்திரையை விடாமல் போடுகிறவரோடு இந்த வயதில் வாதாட வேண்டாம் என்றார். நோயை உணர்ந்தால் சிகிச்சைக்கு நல்லதுதான், ஆனால் சிலருக்கு அதோடு மனச்சோர்வும் வரும் என்றார்.

திரும்பி வந்த சித்தப்பா தானாகவே சொன்னது வேறு: "வாய் சும்மா சும்மா அசையுது டாக்டர், சாப்பிடவே கூச்சமா இருக்கு." மனச்சிதைவுக்குப் பல வருடம் மருந்து எடுப்பவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, வரக்கூடிய பக்கவிளைவு அது. நாங்கள் பல் பிரச்சினை என்று விட்டிருந்தோம். மருந்தை மாற்றிப் பார்க்கிறார்கள். சர்க்கரைப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார்கள்.

அட்டை வந்துவிட்டது. சித்தப்பா அப்பாவின் பராமரிப்பில் இருப்பதால் அப்பாவின் வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு கிடைக்கிறது. இயலாமை 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது, புதியதில் கிடையாது.