பிரசவத்துக்கு வந்த இடத்தில் மேவரிக்

ஜனவரி 8, திங்கள்

மகளுக்கு இன்றும் வலி வரவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

மேலே பெண்கள் ராஜ்யம். சமையல்கட்டுப் பக்கம் போனால் "நீங்க கீழ போய் டிவி பாருங்க" என்கிறாள் மனைவி. கீழே என்றால் பேஸ்மென்ட். ஹீட்டர் உறுமும் அறை, ஒரு பழைய சோபா, மாப்பிள்ளையின் சைக்கிள். சிறு ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்துப் பனி.

பழைய தொடர்கள் மட்டும் ஓடுகிற இடத்தை மாப்பிள்ளை ரிமோட்டில் காட்டிக்கொடுத்தார். மேவரிக். 1957ல் ஏபிசியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்த கவ்பாய் தொடர், கருப்பு வெள்ளை. நாயகன் பிரெட் மேவரிக்காக ஜேம்ஸ் கார்னர். துப்பாக்கிச் சண்டை என்றால் நழுவப் பார்க்கிற சீட்டாட்டக்காரன். கோட்டின் உள்பக்கம் ஆயிரம் டாலர் நோட்டு ஒன்றை ஊக்குக் குத்தி வைத்திருப்பான். பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

இன்று பார்த்தது இரண்டாவது கதை, 'பாயிண்ட் பிளாங்க்'. மாலி என்று ஒருத்தி. அவளுடைய காதலன் ரால்ஃப் வங்கி ஊழியன். வங்கிப் பணத்தோடு ஓட வேண்டும், ஆனால் யாரும் தேடி வரக்கூடாது. ஆள் செத்துவிட்டான் என்று ஊர் நம்பினால்தானே தேடமாட்டார்கள்? அதற்கு ரால்ஃபின் உயரத்தில், அதே உடல்வாகில் ஒரு பிணம் வேண்டும். அந்த நேரம் பார்த்து பிரெட் ஊருக்குள் வருகிறான். மாலி சிரிக்கிறாள்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? எங்கள் கிளைகளில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருத்தர் மட்டும் திறக்க முடியாது. மாலி நம் ஊரில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஹெட் கேஷியரையும் சேர்த்துக் காதலித்திருக்க வேண்டும்.

தம்பி கூப்பிட்டிருக்கிறான். கீழே சிக்னல் இல்லை.

ஜனவரி 10, புதன்

தம்பியிடம் பேசினேன். இணையத்தில் அவனுக்குப் பழக்கமான அந்த லண்டன் டாக்டர் அம்மா அனுப்பிய பார்சல் டெல்லி கஸ்டம்ஸில் நிற்கிறதாம். கட்டணம் கட்டினால் விடுவார்களாம். "ஒரு தடவ கட்டிட்டேன் அண்ணே, இப்ப வேற சார்ஜ் கேக்குறாங்க."

ஒரு தடவை என்றால் எவ்வளவு? சொல்லவில்லை. நீ அவளை நேரில் பார்த்திருக்கிறாயா? அதற்கும் பதில் இல்லை. நான் சத்தம் போட்டேன், அவன் வைத்துவிட்டான். மகள் மாடியிலிருந்து "என்னப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ராத்திரி முழுக்க மாலியின் சிரிப்பே நினைவில். அவள் பிரெட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, தையல்காரர் மாதிரி தோளகலம் பார்க்கிறாள். அவனுக்கோ இவ்வளவு அழகான பெண் நம்மைப் பார்க்கிறாளே என்று இருக்கிறது. தம்பியை எதை வைத்து அளந்தார்கள்? மனைவி இறந்தபிறகு முகநூலில் அவன் போட்ட போட்டோக்களா? பணி ஓய்வு விழாப் படமா? அதில் மாலையும் கழுத்துமாக நிற்கிறான். ஓய்வூதியம் வருகிற, தனியாக இருக்கிற ஆள் என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

ஜனவரி 11, வியாழன்

செக்கப். எல்லாம் நார்மல். நார்மல் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

ஜனவரி 12, வெள்ளி

தூக்கம் வராமல் மூன்றாவது கதையும் பார்த்தாயிற்று. 'அக்கார்டிங் டு ஹாயில்', 1957 அக்டோபர் 6ல் வந்தது. இதிலும் ஒருத்தி, சமந்தா க்ராஃபோர்ட். டயான் ப்ரூஸ்டர் நடித்திருக்கிறார். தென் மாநிலத்துப் பெரிய வீட்டுப் பெண் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவாள், அந்தப் பேச்சே நடிப்பு. ஆற்றில் போகிற நீராவிப் படகில் பிரெட்டோடு போக்கர் ஆடுகிறாள்.

அவன் ஸ்ட்ரெய்ட் வைத்து இறக்குகிறான். வரிசையாக ஐந்து சீட்டு, நம் ரம்மியில் சீக்வென்ஸ் என்போமே, கிட்டத்தட்ட அது. ஜெயித்துவிட்டான் என்று நினைக்கிறோம். அவளோ, இந்த ஆட்டத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் ஸ்ட்ரெய்ட் செல்லாது, ஹாயில் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்கிறாள். பார்த்தால் அப்படியே இருக்கிறது. பணம் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. எட்மண்ட் ஹாயில் என்பவர் இங்கிலாந்துக்காரர், 1742ல் விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்கு விதி எழுதியவர். 1769ல் காலமாகிவிட்டார். போக்கர் அமெரிக்காவில் பரவியதோ அதற்கு அடுத்த நூற்றாண்டில். மனிதர் போக்கரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. பின்னால் வந்தவர்கள் எல்லாச் சீட்டாட்ட விதிகளையும் அவர் பெயரில் அச்சிட்டு விற்றார்கள். அச்சில் இருந்தால் நம்பிவிடுகிறோம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்த கஸ்டம்ஸ் ரசீதிலும் முத்திரை இருக்கிறது, சிங்கம் இருக்கிறது. எனக்கும் அனுப்பி வைத்தான். "பாருண்ணே, கவர்மென்ட் சீல்."

நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஏமாந்த பிரெட் கூனிக் குறுகிப் போகவில்லை. கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம் அவனுக்கு. எப்படிச் செய்தாள், யார் இவள், அடுத்து என்ன செய்யப் போகிறாள்? அதனால்தான் அவனால் எழுந்து அடுத்த ஆட்டத்துக்குப் போக முடிகிறது. இத்தனை வருஷம் கவுண்டருக்கு அந்தப்பக்கம் ஏமாந்து வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர்கூட எப்படி நடந்தது என்று முழுசாகச் சொன்னதில்லை. தொகையைக்கூட குறைத்துத்தான் சொல்வார்கள். "யாருக்கும் தெரிய வேண்டாம் சார்" என்பதுதான் முதல் வாக்கியமே. அடுத்த தடவையும் ஏமாறுவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

நான் புதன்கிழமை கத்தியதில் தம்பிக்கு என்ன கேட்டிருக்கும்?

ஜனவரி 13, சனி

தம்பி வைப்புத்தொகையை முறிக்க நேற்று கிளைக்குப் போயிருக்கிறான். நாலு மணி தாண்டிவிட்டது, விடுமுறை முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். நல்ல காலம். இன்று இரண்டாம் சனி, நாளை ஞாயிறு, பிறகு பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள். வியாழன் காலைதான் கதவு திறக்கும். அவன் ஆன்லைனில் வைப்புத்தொகை எடுக்கத் தெரியாதவன். விடுமுறைப் பட்டியலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது வேலையில் இருந்தபோதுகூட இல்லை.

மேவரிக் பற்றி மாப்பிள்ளையின் டேப்லெட்டில் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் எடுத்த கதை 'பாயிண்ட் பிளாங்க்'தானாம். ஆனால் ஸ்டுடியோ தன்னிடம் ஏற்கனவே உரிமை இருந்த ஒரு புத்தகத்தை வைத்து வேறொரு கதை எடுத்து அதை முதலில் ஓட்டியது. அப்படிச் செய்தால் தொடரை உருவாக்கியவர் என்ற பட்டமும் அதற்கான பணமும் ராய் ஹக்கின்ஸுக்குப் போகாது. எத்தர்களைப் பற்றித் தொடர் எழுதியவருக்கே இந்தக் கதி.

1960ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். கதை இல்லை, ஆகவே சம்பளம் இல்லை என்று கார்னருக்கும் நிறுத்திவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். அந்தச் சமயத்திலும் ஸ்டுடியோவுக்கு ரகசியமாகக் கதைகள் வந்துகொண்டுதான் இருந்தன என்று வெளியே வந்தது. எழுதியவர் பெயர் டபிள்யூ. ஹெர்மானோஸ். அப்படி ஒரு ஆளே கிடையாது. கார்னர் ஜெயித்தார், தொடரைவிட்டு வெளியேறினார்.

அந்த டாக்டர் அம்மாவும் ஒரு ஹெர்மானோஸ்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார்களோ.

ஜனவரி 14, ஞாயிறு

மகளுக்குக் கால் வீக்கம். நடந்தால் நல்லது என்று இவள் சொல்ல, வெளியே மைனஸில் குளிர். ஹாலிலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறாள். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஜனவரி 15, திங்கள்

மின் அடுப்பில் பொங்கல். பொங்கி வழிந்தது, கருகியது, புகை அலாரம் அலறியது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுகிறார், மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பொங்கலோ பொங்கல்.

தம்பியைக் கூப்பிட்டேன். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "முதல்ல எப்படிடா பேச ஆரம்பிச்சா?" என்று மட்டும் கேட்டேன், கதை கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கொட்டினான். முதலில் பிறந்தநாள் வாழ்த்து. அப்புறம் தினமும் ராத்திரி எட்டரைக்கு "சாப்பிட்டீங்களா?" அவன் மனைவி இருந்தவரை அந்த நேரத்தில்தான் தட்டு வைப்பாள். இவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவனே ஏதோ ஒரு நாள் சொல்லியிருப்பான். வீடியோவில் வரச் சொன்னால் கேமரா பழுது. கட்டிய தொகை மூன்றரை லட்சம். அதை அவன் வாயாலேயே சொன்னான்.

எட்டரைக்கு நானாவது கூப்பிட்டிருக்கலாம் என்று இவள் சொல்கிறாள். இங்கே அப்போது காலை பத்து மணி. இனிமேல் கூப்பிடுவேன்.

ஜனவரி 16, செவ்வாய்

நாளை மாலை அட்மிஷன். வலி வரவைக்க மருந்து கொடுப்பார்களாம். இவள் பையை மூன்றாம் முறையாகப் பிரித்து அடுக்குகிறாள்.

தம்பியிடம் பணம் போட்ட கணக்கு விவரத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். டெல்லி கஸ்டம்ஸ் என்றார்கள், கணக்கு யாரோ ஒரு தனி ஆள் பெயரில். அரசாங்கக் கட்டணம் தனியார் சேமிப்புக் கணக்குக்குப் போகுமா என்று அவனையே கேட்டேன். "போகாதுல்ல அண்ணே" என்றான், ரொம்ப மெதுவாக. 1930க்குப் போன் பண்ணு, சைபர் குற்றத்துக்கு அந்த எண்தான், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு என்றேன். பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. "ஒருவேளை நிஜமா இருந்தா?" என்றான்.

ஜனவரி 17, புதன், இரவு 11.40

மருத்துவமனை. கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருக்கிறதாம். என்னை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே வியாழன் காலை பத்து பத்து. தம்பி வங்கி வாசலில் நிற்கிறான். கையில் வைப்புத்தொகை ரசீது. அந்தப் பெண் இன்னொரு எண்ணிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம், இன்றே கட்டாவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும் என்று. மேனேஜரிடம் போனைக் கொடுடா என்கிறேன், தயங்குகிறான். இவள் உள்ளேயிருந்து கை காட்டுகிறாள்.