நு என்றால் ஆம்

ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் சாக்சனிக்காரர்கள் ‘ஆம்’ என்பதற்கு ‘நு’ என்பார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் எட்டு மாதம் ஜெர்மன் மாலை வகுப்புக்குப் போய், ஆம் என்றால் ‘யா’, இல்லை என்றால் ‘நைன்’ என்று உருப்போட்டுவிட்டு, 2016 பிப்ரவரியில் கெம்னிட்ஸ் நகரில் போய் இறங்கினேன். இயந்திரக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை.

முதல் வாரம். ஒரு மில்லிங் இயந்திரத்தின் அடிப்பாகத்தில் பன்னிரண்டு போல்ட்டுகள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றை முறுக்கியாகிவிட்டதா என்று எங்கள் மைஸ்டரிடம் கேட்டேன். ‘நு’ என்றார். இல்லை என்கிறார் போலிருக்கிறது என்று முதல் போல்ட்டிலிருந்து ஆரம்பித்தேன். ரெஞ்சை வைத்து லேசாக அழுத்தியதுமே ‘டக்’. அடுத்ததும் ‘டக்’. ஏழாவது போல்ட் வரை காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தவர், பிறகு குனிந்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார். முறுக்கி முடித்தவர் பெயின்ட் பேனாவால் போட்டுவைக்கும் கோடு அது. வாயால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்திருக்கலாமே என்பது போல ஒரு பார்வை.

மைஸ்டர் என்பதை ஃபோர்மேன் என்று சொன்னால் பாதிதான் சரி. பயிற்சியாளாகச் சேர்ந்து, தொழில் கற்று, வேலை அனுபவமும் பெற்று, அதன் மேல் தேர்வும் எழுதி வாங்கும் பட்டம் அது. ஐடிஐ முடித்த ஐம்பது வயது ஃபிட்டரை இருபத்து மூன்று வயது இன்ஜினீயர் நிற்கவைத்துப் பேசும் ஊரிலிருந்து போனவன் நான். இங்கே இன்ஜினீயர் வரைபடத்தில் ஒரு திருத்தம் செய்தால், அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மைஸ்டரின் மேசைக்குப் போய் நிற்கிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் திருத்தம் திரும்பிப் போகும். இந்த ஒரு காட்சிக்காகவே ஜெர்மனி எனக்குப் பிடித்துப்போனது.

நான்காம் மாதம் ஒரு தவறு செய்தேன். சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்கும்போது கேஜின் தாங்கி சரியாக இறுகவில்லை; வந்த அளவை அப்படியே எழுதிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது. அரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழைய வேலையிடத்தில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்: முதலில் ஒரு சத்தம், பிறகு யார் தலையில் கட்டுவது என்ற ஆலோசனை. மதியத்துக்கு மேல் தாங்காமல் போய்ச் சொன்னேன். மைஸ்டர் ஒரு படிவத்தை நீட்டினார். எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, எந்தக் கேஜ், எப்போது கண்டுபிடித்தாய். காரணம் எழுதும் இடத்தில் நான் ஒரு பத்தி எழுதினேன். உடல்நிலை, வெளிச்சம், அவசரம் எல்லாம் அதில் இருந்தன. அவர் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘தாங்கி இறுக்கப்படவில்லை’ என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தார். அவ்வளவுதான். இரண்டு பேருமாக மறுபடி அளந்தோம்.

இந்த எழுதிவைக்கும் பழக்கத்தை ஊருக்குப் போனபோதெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஜெர்மன்காரன் என்றால் ஒழுங்கு, ஜெர்மன்காரன் என்றால் நேரம் என்று நம்மிடையே ஒரு பாட்டு உண்டல்லவா, அதற்கு நானும் ஒத்து ஊதினேன். (நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஆறு நிமிடத்துக்குள் வந்த ரயிலை அங்கே தாமதமாகவே கணக்கெடுப்பதில்லை. அப்படியும் 2018இல் தொலைதூர ரயில்களில் நான்கில் ஒன்று தாமதம்.) பிறகு வேறொன்றைப் படித்தேன். நாஜிகள் யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பிய ரயில்களுக்கு, ரயில்வே தலைக்குக் கட்டணம் போட்டு வசூலித்திருக்கிறது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தாவும் கோடு பிசகாமல்தான் எழுதியிருப்பார். அதன்பின் அந்தப் பாட்டு என் வாயில் முன்போல் வரவில்லை.

எங்கள் மைஸ்டருக்கு நாட்காட்டி இரண்டே பாகம்: ‘வெண்டே’வுக்கு முன், ‘வெண்டே’வுக்குப் பின். வெண்டே என்றால் திருப்பம். 1989இல் பெர்லின் சுவர் திறந்து, அடுத்த ஆண்டு கிழக்கு ஜெர்மனி மேற்கோடு சேர்ந்ததற்கு அந்த ஒரே சொல். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நகரின் பெயரே வேறு. 1953 முதல் 1990 வரை அது கார்ல் மார்க்ஸ் நகரம். மார்க்ஸ் அந்த ஊரில் வாழ்ந்தவரல்ல. ஆனால் அவருடைய தலை மட்டும் ஏழு மீட்டர் உயரத்தில், நாற்பது டன் எடையில், 1971 முதல் நகரின் நடுவே இருக்கிறது. உடல் கிடையாது. ஊர்க்காரர்கள் அதை ‘நிஷெல்’ என்பார்கள். அவர்கள் பேச்சில் மண்டை என்று பொருள். மக்கள் வாக்களித்துப் பெயரை மாற்றினார்கள், மண்டையை விட்டுவைத்தார்கள்.

1990 ஜூலையில் கிழக்கின் சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேற்கின் மார்க் நாணயத்துக்கு மாறின. கைநிறைய நல்ல பணம். ஆனால் அந்தப் பணத்தில் விலை சொன்னால் சோவியத் யூனியனால் வாங்க முடியாது. மேற்கில் இருந்தவர்களுக்கோ இவர்களுடைய இயந்திரம் தேவையில்லை. அரசு ஆலைகளை எல்லாம் கையிலெடுத்து விற்க ‘டிராய்ஹாண்ட்’ என்ற அமைப்பு வந்தது. 1994 முடிவதற்குள் வேலையை முடித்துக்கொண்டது. மைஸ்டரின் பழைய ஆலையும் மூடப்பட்டது. ஹாலை விட்டு வெளியே வரும்போது பழைய இரும்பு வாங்குகிற லாரி வாசலில் நின்றது என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். அவருடைய மைஸ்டர் பட்டத்துக்கு மதிப்புண்டா என்று விசாரித்து ஒரு கடிதம் வந்ததாம். அதை மட்டும் மடித்து இன்னும் வைத்திருக்கிறார்.

நான் இருந்த வருடங்களில் எங்களுக்கு வாரம் 38 மணி நேர வேலை. மேற்கே பவேரியாவில் இருந்த கிளையில் அதே வேலைக்கு 35 மணி. உலோகத் தொழிலில் மேற்கு 1995லேயே 35க்கு வந்துவிட்டது. 2003இல் கிழக்கில் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஒன்றாகி இருபத்தெட்டு ஆண்டு ஆகியும் இந்தப் பக்கத்துக்கு ‘புதிய மாநிலங்கள்’ என்றுதான் பெயர். பவேரியாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி அப்படிச் சொன்னபோது, ‘இன்னும் ஷோரூம் வாசனை போகவில்லையோ’ என்று மைஸ்டர் முணுமுணுத்தார்.

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. பெரியவர்தான் முதலில் ‘நீ’க்கு அழைக்க வேண்டும். இரண்டாம் வருடம் அவர் கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார். இனி ‘டூ’ என்றே கூப்பிடலாம் என்று அர்த்தம். என் அப்பாவின் வயது. நாக்கு எழவில்லை. சில வாரங்கள் ‘நீ’யும் வராத ‘நீங்க’ளும் வராத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசி ஒப்பேற்றினேன்.

2018 ஆகஸ்ட் கடைசியில் நகரத் திருவிழாவின் இரவில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்டவர்கள் அகதிகளாக வந்தவர்கள் என்ற செய்தி பரவியதும் தீவிர வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள். திங்கள்கிழமை மாலை அந்த மண்டைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம். சிலர் கைதூக்கி ஹிட்லர் வணக்கம் வைத்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அம்மா கோயம்புத்தூரிலிருந்து அழைத்து, உடனே டிக்கெட் போடு என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹாலுக்குள் நுழைந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பயிற்சியாள் பையன் மட்டும், சாயங்காலம் காரில் கொண்டுவிடட்டுமா என்று கேட்டான். மதியம் எல்லோரும் ஒருவருக்கொருவர் ‘மால்சைட்’ சொல்லிக்கொண்டு சாப்பிடப் போகும்போது, எப்போதும் என்னோடு உட்காரும் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். நான் எதுவும் கேட்கவில்லை. ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்தேன். என் பெயரை அடித்து, மைஸ்டரின் பெயருக்கு நேர்கீழே எழுதியிருந்தது. கையெழுத்து அவருடையது. அடுத்த இரண்டு மாதம் நாங்கள் ஒன்றாகத்தான் வாசலைத் தாண்டினோம்.

அந்த வருடம் நவம்பர் 9 வெள்ளிக்கிழமை வந்தது. 1938இல் யூத ஆலயங்கள் எரிந்த இரவு அது, கெம்னிட்ஸிலும் எரிந்தது. பெர்லின் சுவர் திறந்ததும் அதே தேதியில்தான். கொண்டாடவும் முடியாத, துக்கம் காக்கவும் முடியாத நாள். தேசிய நாள், கிழக்கும் மேற்கும் ஒன்றான அக்டோபர் 3. நான் காஸ்பெர்க் பகுதியில் குடியிருந்தேன். அங்கேதான் பழைய சிறை இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி தன் அரசியல் கைதிகளை மேற்குக்குப் பணத்துக்கும் பண்டத்துக்கும் விற்றது. 1963 முதல் 1989 வரை விற்கப்பட்ட சுமார் 33 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தச் சிறை வழியாகத்தான் பஸ் ஏறினார்கள். மைஸ்டரின் வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளி.

வேலை முடிந்து போகும்போது அவர் வீட்டு வாசலில் முழங்காலிட்டு நடைபாதையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் நாஜிகளால் வதைக்கப்பட்டவர்களின் நினைவாக 1990களில் தொடங்கி ஊர் ஊராக அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் பதித்துவரும் ‘தடுக்கிவிடும் கற்க’ளில் ஒன்று. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, ஒரு பெண்ணின் பெயர், பிறந்த ஆண்டு, பிறகு 1942, தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமின் பெயர். நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாலிஷ் டியூபை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கள் ஹாலில் பயன்படுத்துவது.

‘நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் கல் இல்லை’ என்றார். ‘பாசிஸ்டுகள் எல்லோரும் மேற்கே இருக்கிறார்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். நம் பக்கம் எல்லோரும் எதிர்த்துப் போராடியவர்களாம். இந்த வீட்டில் முன்னால் யார் இருந்தார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.’ கொஞ்ச நேரம் தேய்த்தார். ‘நானும் கேட்டதில்லை.’

அடிக்க வேண்டிய பத்தி எதையும் அவர் சேர்க்கவில்லை.

‘உங்களுக்கு இவரைத் தெரிந்தவர்கள் யாராவது…’ என்று ஆரம்பித்து, ‘உனக்கு’ என்று திருத்தினேன். சிரித்தார். தகடு பளபளத்தது. எழுத்துகளின் குழிக்குள் மட்டும் கருப்பு தங்கியிருந்தது. அதை எடுக்க வேண்டாமா என்றேன். எடுத்தால் படிக்க முடியாது என்றார்.

திங்கட்கிழமை ஸ்டோருக்கு ஒரு பேரிங் வாங்கப் போனேன். பொருள் எடுத்த பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக்கு நேரே அவர் கையெழுத்து: மெட்டல் பாலிஷ், ஒரு டியூப், சொந்த உபயோகம். அதன் கீழே அன்று காலைத் தேதியிட்டு இன்னொரு வரி: திருப்பித் தரப்பட்டது, பாதி மீதி.