கை தானாக நகரும் இடம்

ஆண்டறிக்கை, திட்ட முன்மொழிவு, பயனர் கையேடு என்று அலுவலகத்துக்காக எழுதுவதுதான் என் வேலை. நாள் முழுக்கக் கணினி முன்னால். இணையமும் திறந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் தரவு, பழைய கோப்புகள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் அதற்குள்தான். ‘இணையத்தை அணைத்துவிட்டு வேலை பாருங்கள்’ என்ற அறிவுரை இந்த மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு உதவாது. வேலையும் வேடிக்கையும் ஒரே திரையில், அடுத்தடுத்த டாப்களில் உட்கார்ந்திருக்கின்றன.

தளங்களைத் தடுக்கும் செயலிகள், 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை எல்லாம் எனக்கு ஓரளவுக்குத்தான் உதவின. செய்தித் தளத்தைத் தடுத்தால் மனம் மின்னஞ்சலுக்குப் போகும். அதையும் மூடினால், வேலைக்குத் தேவை என்ற பெயரில் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, எப்போது கிளம்புகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

விசைப்பலகை பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள் வைத்துக்கொண்டேன். கை வேறு பக்கம் நகரும்போதெல்லாம், அப்போது எந்த வரியில் இருந்தேன் என்று அதில் எழுதுவது. அவ்வளவுதான். ஆண்டறிக்கையில் வந்த ஒரு இடம் நன்றாக நினைவிருக்கிறது. போன வருட அறிக்கையில் ஒரு தொகை, இந்த வருடம் அனுப்பிய அட்டவணையில் அதே தலைப்புக்கு வேறு தொகை. எது சரி என்று கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும். கேட்டால் அது நீண்ட பேச்சாகும், யாராவது முகம் சுளிப்பார்கள் என்பதும் தெரியும். அந்த நொடியில் விரல்கள், புதிய டாப் திறக்கும் கண்ட்ரோலையும் டி-யையும் (Ctrl+T) சேர்த்து அழுத்திவிட்டன. முகவரிப் பட்டையில் ஒரே ஒரு எழுத்து. மீதியை உலாவியே நிரப்பிக்கொண்டது. என்டர். செய்தித் தளம் திறந்துவிட்டது. இதில் எந்தக் கட்டத்திலும் ‘சரி, கொஞ்சம் செய்தி பார்க்கலாம்’ என்று நான் முடிவு எடுக்கவில்லை.

தாள் நிரம்ப நிரம்ப ஒரே மாதிரியான இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன. புதிய பகுதியின் முதல் வாக்கியம். யாரிடமாவது ஏதாவது கேட்டாக வேண்டிய இடம். படிக்கப்போகிற மேலதிகாரி இதை ஏற்க மாட்டார் என்று தோன்றும் பத்தி. சலிப்பான வேலையில்தான் மனம் ஓடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் தாள் அப்படிச் சொல்லவில்லை. பக்க எண் சரிபார்ப்பது, அட்டவணைகளுக்குத் தலைப்பு போடுவது போன்றவை அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோயிஸும் டிமதி பிச்சிலும் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்குகிறார்கள். ஒரு வேலை கிளப்பும் பதற்றம், குழப்பம், எரிச்சல் ஆகியவற்றிலிருந்து உடனே கிடைக்கும் ஆறுதலுக்காகத்தான் அதைத் தள்ளிப்போடுகிறோம். பாரம் முழுக்க நாளைய நம் தலையில் ஏறுகிறது. அதனால்தான் கால அட்டவணையை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அந்த ஒரு பத்தி அப்படியே கிடக்கிறது. அதைத் தொட்டால் எழும் சங்கடத்தை அட்டவணை தீர்ப்பதில்லை.

எனவே இப்போது சங்கடத்தைச் சின்னதாக்கப் பார்க்கிறேன். எண் பொருந்தாத இடத்தில் மஞ்சளில் குறியிட்டு, கேட்க வேண்டிய கேள்வியை அங்கேயே முழு வாக்கியமாக எழுதிவிடுகிறேன்: ‘இந்த இரண்டு தொகைகளில் எது இறுதியானது, வித்தியாசத்துக்குக் காரணம் என்ன?’ கேள்வி எழுதப்பட்டுவிட்டால் அனுப்புவது ஒரு நிமிட வேலை. மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது அது பெரிய சண்டைபோலத் தெரிந்தது. முதல் வாக்கியம் வராவிட்டால் அந்தப் பகுதியின் நடுவிலிருந்து தொடங்குகிறேன். முதல் வாக்கியம் எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் முதலில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

ஓடிய மனம் திரும்பி வருவது இன்னொரு பாடு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை ஆராய்ந்து ‘கவன எச்சம்’ என்று பெயர் வைத்தார். அரைகுறையாக விட்ட வேலையில் மனதின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது, அடுத்த வேலை அதனால் பாதிக்கப்படுகிறது. பின்னர் அவரும் தெரசா க்ளோம்பும் 2018-ல் ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள்: குறுக்கீட்டுக்கு எழுந்து போவதற்கு முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று குறித்துக்கொள்வது. கூட்டத்துக்குப் போகும்போது நான் இதை விடாமல் செய்கிறேன். ‘மூன்றாம் பத்தி, பயிற்சி பற்றிய வாக்கியத்தை இரண்டாகப் பிரி’ என்கிற அளவுக்குத் துல்லியமாக எழுத வேண்டும். ‘அறிக்கையைத் தொடரவும்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. திரும்பி வந்து கோப்பைத் திறந்ததும் கை மறுபடியும் கண்ட்ரோல் டி-க்குத்தான் போகும்.

இதையெல்லாம் தனிமனிதக் கட்டுப்பாட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பை 2006-ல் உருவாக்கிய வடிவமைப்பாளர் ஆசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். பக்கம் முடிகிற இடத்தில் ‘போதும்’ என்று நினைக்க ஒரு வாய்ப்பு இருந்தது, அது போய்விட்டது. கணினி முன்னால் மக்களின் கவனத்தை ஆராயும் குளோரியா மார்க் 2004 வாக்கில் அளந்தபோது, மக்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் இருந்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் அது 47 நொடியாகக் குறைந்ததாக அவர் சொல்கிறார். இத்தனை பேரும் ஒரே காலத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று நம்ப முடியுமா?

அலுவலகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சாட்டில் கேட்டதும் பதில் வர வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டே, கவனமாக எழுதிய அறிக்கையும் கேட்கிறார்கள். எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவசரம் என்றால் போன் செய்வது. மற்றதற்கெல்லாம் மதியத்துக்கு முன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பதில். ஆரம்பத்தில் எல்லோருக்கும் தயக்கம்தான். பதில் தாமதமானால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களோ என்ற பயத்தை, புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாய்விட்டே சொன்னார். நியாயமான பயம். அதனால் மேலாளரே தன் சாட்டைக் காலையில் மூடிவைக்கத் தொடங்கினார், அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் நம்பி மூடினார்கள். போன் எத்தனை முறை அடித்தது என்று கேட்டால், மிகக் குறைவு. அவசரம் என்று நினைத்துக் கேட்டவற்றில் பாதிக்கு மேல், கேட்டவர்களே மதியத்துக்குள் விடை கண்டுபிடித்திருந்தார்கள்.