நகராத பட்டை

சிங்கப்பூரின் ஒன்-நார்த் ஆய்வு வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மரபணு மாற்றிய செடியிலிருந்து பிரித்த ஒரு புரதத்தை என்னிடம் கொடுத்தார்கள். அதில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு பாதுகாப்பு மதிப்பீட்டுக் கோப்பில் சேரும்.

பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியைச் சேர்த்தேன். அது சங்கிலியை வெட்டினால், எடை குறைந்த புரதம், எடைவாரியாகப் புரதங்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் கொஞ்சம் கீழே இறங்கும். ஒப்பீட்டுக்கு வைத்த, சர்க்கரை ஒட்டிய மாட்டுக் கணையத்துப் புரதமான ஆர்என்ஏஸ் பி இறங்கியது. என் புரதத்தின் பட்டை அசையவில்லை. ‘கிளைக்கோசைலேஷன் இல்லை’, அதாவது சர்க்கரை ஒட்டவில்லை, என்று எழுதிவிட்டேன்.

குழுவில் மூத்தவர் ஒரு தஞ்சாவூர் அக்கா. வரைவைப் படித்துவிட்டு, "ஒப்பீட்டுக்கு மாட்டுப் புரதம் வெச்சிருக்கே. செடிப் புரதம் ஒண்ணு வெச்சுப் பாரும்மா" என்றார்.

மறுநாள் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸை வைத்தேன். சர்க்கரை நிறைந்த புரதம் அது. அதுவும் அசையவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

செடிகள் சங்கிலியின் அடிச் சர்க்கரையில் ஆல்ஃபா-1,3 ஃப்யூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை ஒட்டிவைக்கும். அது இருந்தால் பிஎன்ஜிஏஸ் எஃப் வெட்டாது. பிஎன்ஜிஏஸ் ஏ என்ற வேறொரு நொதி வேண்டும். அதற்கும் புரதத்தை முதலில் துண்டாக்கித் தந்தால்தான் வேலை நன்றாக நடக்கும். அப்படிச் செய்து, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் போட்டபோது சங்கிலி அகப்பட்டது: புரதத்தில் அது கூட்டிய எடை சுமார் 1170 டால்டன். அதிலிருந்த சர்க்கரைகள்: மூன்று மன்னோஸ், இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமைன், ஒரு சைலோஸ், அந்த ஃப்யூகோஸ்.

நச்சுச் சோதனைக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தைத்தான் கொடுப்பார்கள். வழக்கமான ஈ.கோலை இந்தச் சங்கிலியை ஒட்டாது. செடியில் உருவான புரதமும் ஈ.கோலையில் தயாரித்ததும் ஒன்றுதான் என்று என் ஒற்றை வரி சொல்லியிருக்கும். ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் அமைலேஸ் தடுப்பான் என்ற புரதத்தைப் பட்டாணியில் உருவாக வைத்தபோது அதன் சர்க்கரை அமைப்பு மாறியிருந்தது. எலிகளின் நோயெதிர்ப்பு அதற்கு எதிர்வினை காட்டியதாக 2005-இல் ஆய்வு வெளியானது, அந்தப் பட்டாணி கைவிடப்பட்டது. பீன்ஸிலேயே இருக்கும் அந்தப் புரதத்துக்கும் எலிகள் அப்படித்தான் எதிர்வினை காட்டும் என்று 2013-இல் வேறொரு குழு காட்டியது. ஆனாலும் அன்று நிறுத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

அம்மா தேக்கா சந்தையில் தவ்குவா என்னும் கெட்டி டோஃபு வாங்கும்போது, அந்தச் சோயா எந்த ஊர் வயலில் விளைந்தது என்று கேட்பதில்லை. யாரோ சரியாகப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறார்.

வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுத இரண்டு வாரம் ஆனது. அப்புறம் அக்கா கிம் மோ கடைக்குக் கூட்டிப்போய் எனக்கொரு கோப்பி வாங்கித் தந்தார்.